ராத்திரித் தறிச் சத்தம்

ஏனாத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போகிற வழியில் வருகிற ஒரு போர்டு என்பதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. சமீபத்தில்தான் இறங்கிப் பார்த்தேன். பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, கலைக் கல்லூரி என்று திரும்பிய பக்கமெல்லாம் காம்பவுண்டு சுவர். காலையில் காலேஜ் பஸ்களும், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்களும் ஒன்றையொன்று முந்துகின்றன. அப்படியே காஞ்சிக்குள் போனால் பிள்ளையார்பாளையத்தில் இன்னமும் தறி ஓடுகிறது. அப்பா தறியில், பிள்ளை கம்பெனி பஸ்ஸில், பேத்தி எம்.பி.ஏ. வகுப்பில் என்று ஒரே வீட்டுக்குள் மூன்று காலம் நடக்கிற ஊர் இது.

அங்கே ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம், நல்ல மனுஷர்கள், வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள்) நிர்வாகவியல் மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு கொஞ்சம் நீளம்: ‘மாற்றத்தின்போது மனிதர்களை வழிநடத்துவதும், பணியிடத்தில் தலைவராக வளர்வதும்’. பேராசிரியர் முன்கூட்டியே ஸ்லைடுகள் அனுப்பியிருந்தார். நான் சும்மா வந்து நின்று படித்தால் போதுமாம்.

ஸ்லைடுகளில் எதிர்பார்த்தவர்கள் எல்லோரும் ஆஜர். ஜான் காட்டர் 1996-ல் எழுதிய ‘லீடிங் சேஞ்ச்’ புத்தகத்தின் எட்டுப் படிகள். முதலில் அவசர உணர்வை உண்டாக்கு, பிறகு கூட்டணி சேர், கனவைச் சொல், சின்னச் சின்ன வெற்றிகளைக் காட்டு என்று போய், கடைசியில் மாற்றத்தை நிறுவனத்தின் பழக்கமாக்கு என்று முடியும். அடுத்து ஸ்பென்சர் ஜான்சன் 1998-ல் எழுதிய ‘ஹூ மூவ்டு மை சீஸ்’. இரண்டு எலி, இரண்டு குட்டி மனிதர்கள், ஒரு புதிர்ப்பாதை, காணாமல் போகிற சீஸ். எலிகள் உடனே ஷூவை மாட்டிக்கொண்டு புது சீஸ் தேட ஓடிவிடும். மனிதர்கள் உட்கார்ந்து புலம்புவார்கள். ஆகவே புலம்பாதே, ஓடு. ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். உலகம் முழுக்கக் கம்பெனிகள் பெட்டி பெட்டியாக வாங்கி ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள்.

குறை சொல்லவில்லை, இரண்டும் தெளிவாக எழுதிய புத்தகங்கள்தான். காட்டரின் படிகள் உண்மையிலேயே பயன்படும். ஆனால் எட்டுப் படிகளில் எந்தப் படியிலும் தலைவருடைய சொந்த ஆசைக்கு என்று இடம் கிடையாது. இந்த மாற்றத்தால் தலைவருக்கு என்ன வரப்போகிறது, என்ன போகப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சீஸ் புத்தகத்தில் இன்னும் விசேஷம். தலைப்பிலேயே ‘யார்’ என்று கேட்டுவிட்டு, கடைசிப் பக்கம் வரை அந்த ‘யார்’ யார் என்று சொல்வதே இல்லை. மாறுவதெல்லாம் கீழே இருப்பவன் வேலை. மாற்றுகிறவர் மழை மாதிரி, வெயில் மாதிரி, அவரைக் கேள்வி கேட்க முடியாது.

அதனால் பேராசிரியரிடம், “ஸ்லைடு வேண்டாம் சார், ஒரு படம் போடலாம்” என்றேன்.

“என்ன படம் சார்?”

“‘காஞ்சிவரம்’.”

கொஞ்சம் தயங்கினார். “ஸ்ட்ரைக் படமாச்சே சார்...”

அவர் தயக்கம் புரிந்தது. ஏனாத்தூரிலிருந்து சென்னைப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் சுங்குவார்சத்திரம். 2024 செப்டம்பரில் அங்கே சாம்சங் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைக்குப் போகாமல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்தை அங்கீகரி என்பது முக்கியக் கோரிக்கை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இதே ரோட்டில் உள்ள கம்பெனிகளை நம்பியிருக்கிற கல்லூரியில் ஸ்ட்ரைக் படமா என்று அவர் யோசித்ததில் தப்பில்லை. ஆனாலும் கடைசியில் சரி என்றார். மனுஷருக்கு தைரியம் இருந்தது.

*

‘காஞ்சிவரம்’ பிரியதர்ஷன் இயக்கியது. வரிசையாகக் காமெடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று இப்படி ஒன்றை எடுத்தார். 2008-ல் டொராண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2009-ல் நம்மூர் தியேட்டர்களுக்கு வந்து, வந்த சுவடு தெரியாமல் போனது. சிறந்த படம், சிறந்த நடிகர் என்று இரண்டு பெரிய தேசிய விருதுகள். நம்மில் பெரும்பாலோர் அதை டி.வி.டி.யில் பார்த்தவர்கள், அல்லது பார்த்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள்.

கதை சுருக்கமாக. சுதந்திரத்துக்கு முந்தைய காஞ்சிபுரம். வெங்கடம் (பிரகாஷ்ராஜ்) பட்டு நெய்கிறவன். ஊருக்கெல்லாம் பட்டு நெய்தும் தன் கல்யாணத்தில் மனைவி அன்னத்துக்கு (ஷ்ரேயா ரெட்டி) ஒரு பட்டுப் புடவை கட்டிவிட முடியாதவன். பெண் குழந்தை பிறந்ததும், இவளைப் பட்டு உடுத்தித்தான் கட்டிக்கொடுப்பேன் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிடுகிறான். கூலிக்காரன் இப்படிச் சொன்னதும் கூட்டம் திகைக்கிறது. சேர்த்த பணம் வேறு வழியில் போய்விடுகிறது. அப்புறம் ஒரே வழி. வேலை செய்யும் இடத்திலிருந்து தினம் கொஞ்சம் பட்டு நூலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு வந்து, மறைவாக ஒரு தறியில் மகளுக்காகப் புடவை நெய்ய ஆரம்பிக்கிறான்.

வருஷங்கள் ஓடுகின்றன. ஊருக்குள் பொதுவுடைமைப் பேச்சு வருகிறது. வெங்கடம் அதில் இழுக்கப்பட்டு, மெல்ல மெல்லத் தலைவனாகிறான். கூலி உயர்வு கேட்டு நெசவாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மகளுக்குக் கல்யாணம் கூடிவருகிறது. நண்பனின் மகன்தான் மாப்பிள்ளை, பட்டாளத்துக்காரன், லீவு முடிவதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். புடவையோ பாதியில் நிற்கிறது. வேலைக்குப் போகாவிட்டால் நூல் கிடையாது. வெங்கடம் எழுந்து, வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்கிறான். அதற்கு அவன் சொல்கிற காரணம் ஒன்று, அவனுக்குள் இருக்கிற காரணம் வேறு.

திரும்பிப் போகிறார்கள். வாயில் நூலோடு பிடிபடுகிறான்.

இந்தப் படத்தைப் பற்றி அப்போது வந்த விமர்சனங்களில் பாதி வறுமையைப் பேசின, பாதி கம்யூனிசத்தைப் பேசின. இது தலைமையைப் பற்றிய படம் என்று சொன்னவர்களை நான் பார்க்கவில்லை. எனக்கு அது அப்படித்தான் தெரிகிறது. அதிலும் பிரகாஷ்ராஜின் வாய். ஒரே வாய்தான் கூட்டத்தில் பேசுகிறது, அதே வாய்தான் நூலை அடக்கிக்கொண்டு வருகிறது. வாசலைத் தாண்டும்போது பேச முடியாது, பேசினால் நூல் தெரிந்துவிடும். வில்லன் வேஷங்களில் கத்திக் கத்திப் பார்த்த நடிகர், இதில் தாடையை இறுக்கிக்கொண்டு நடக்கிற நடையிலேயே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார். விருது கொடுத்தவர்கள் அந்தத் தாடைக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

*

படம் முடிந்து லைட் போட்டதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கை தூக்கினான்.

“சார், பாவுக்கு நூல் எங்கேர்ந்து சார் வந்துச்சு?”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் வீட்டில் இரண்டு தறி. தாத்தா காலத்திலிருந்து நெசவு. அவன் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்களிலேயே உருப்படியானது இதுதான்.

“ஊடைன்னா ஓகே சார். குறுக்க ஓடுற நூலு. அதைத் தினம் கொஞ்சம் கொஞ்சமா கொண்டாந்து போடலாம். ஆனா பாவு நீளத்துக்கு ஓடுறது. புடவை நீளத்துக்கும் மொத்தமா முதல்லயே இருக்கணும். அது முழுசா இல்லாம தறியில ஏத்தவே முடியாது. அப்புறம் கோர்வைக் கரைன்னா ஒரு ஆளால முடியாது சார். உடம்புக்கு ஒரு கலர், கரைக்கு ஒரு கலர், தனித்தனி நாடா. அந்தப் பக்கம் நாடா தள்ள ஒரு ஆள் உக்காரணும். எங்க அப்பா நெய்யும்போது நான்தான் உக்காருவேன், ஸ்கூல் விட்டு வந்து.”

“அப்ப படம் பொய்யா தம்பி?”

“பொய்யின்னு இல்ல சார்...” யோசித்தான். “முக்கியமா ஒண்ணு. சத்தம். ராத்திரில தறி ஓட்டினா தெருவுக்கே கேக்கும் சார். நாலு வீடு தள்ளி யார் தறி ஓடுது, யார் தறி நிக்குதுன்னு எங்க அம்மா படுத்துக்கிட்டே சொல்லிடும். அந்தத் தெருவுல எல்லாரும் தறிக்காரங்க. அவர் நெய்யறது யாருக்கும் தெரியாதுன்னு காட்டறாங்களே, அது மட்டும் நடக்காது.”

எனக்கு சட்டென்று படம் வேறு மாதிரி திரும்பிக்கொண்டது.

இயக்குநர் அதை உத்தேசித்தாரோ இல்லையோ, இந்தப் பையன் சொல்வதை வைத்துப் பாருங்கள். தெருவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ராத்திரி ராத்திரி வெங்கடம் வீட்டில் தறி ஓடுகிறது. யாருக்கு, எந்த நூலில் என்று கேட்காமல் படுத்துக்கிடக்கிறார்கள். அவர்களும் கூலிக்காரர்கள்தான், அவர்கள் வீட்டிலும் பெண் இருக்கிறது. அப்படித் தெரிந்தும் அவனைத் தலைவன் என்று ஏற்றுப் பின்னால் போயிருக்கிறார்கள். அவன் எழுந்து, வேலைக்குத் திரும்பலாம் என்று ஊர் நன்மையைக் காரணமாகச் சொன்ன அன்றுதான், அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவன் காதிலும் அந்தத் தறிச் சத்தம் கேட்டிருக்கும். திருட்டை மன்னித்து வைத்திருந்தவர்களால் அந்தக் காரணத்தை மன்னிக்க முடியாது.

இது என் கற்பனைதான். படத்தில் கிடையாது. ஆனால் நான் பார்த்த ஆபீஸ்களில் நடந்ததெல்லாம் இதுதான்.

*

முப்பது வருஷத்துக்கு முன் ஒரு அலுவலகத்தில் எனக்குக் கீழே பதினோரு பேர். மேலிடத்தில் எங்கள் செக்‌ஷனை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றுவது, கூடவே லெட்ஜரை மூட்டை கட்டிவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் போவது என்று முடிவாயிற்று. ஆட்களைச் சம்மதிக்க வைக்கும் வேலை என்னுடையது. பிரமாதமாகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். காலம் மாறுது சார், நாம முந்திக்கணும், பசங்களுக்கு நல்ல ஸ்கூல் அந்தப் பக்கம்தான் இருக்கு. எட்டுப் படிகளையும் காட்டரைப் படிக்காமலே ஏறினேன்.

சொல்லாத விஷயம் ஒன்று. மாற்றம் சிக்கலில்லாமல் முடிந்தால் எனக்குப் பதவி உயர்வு என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாகப் போட்டவர் ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருஷம் இருந்த ஒரு சீனியர் குமாஸ்தா. வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, புது இடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பேனாவை மூடி என்னிடம் நீட்டியபடி மெதுவாகச் சொன்னார்: “உங்களுக்கு நல்லது நடக்கட்டும் சார். முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா, உங்களுக்காகவே போட்டிருப்பேன்.”

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மாசக் கணக்காக. நான் ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் பேசப் பேச, எல்லோரும் என் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பதவி உயர்வு வந்தது. அந்த ஆபீசில் அதற்கப்புறம் நான் சொன்ன எதையும் யாரும் எதிர்த்ததில்லை, நம்பியதும் இல்லை. எதிர்ப்பு இல்லாததை ஆதரவு என்று எண்ணிக்கொண்டு இன்னும் நாலு வருஷம் அங்கே தலைவராக இருந்தேன்.

இதை ஏனாத்தூர் வகுப்பில் சொன்னேன். அப்போது முன் வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள். மூன்று வருஷம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவளாம்.

“அப்ப லீடருக்குன்னு சொந்த ஆசையே இருக்கக் கூடாதா சார்? வெங்கடம் பொண்ணு கல்யாணத்துக்குத்தானே பண்ணாரு?”

நல்ல கேள்வி. நான் உடனே பதில் சொல்லவில்லை. டீ இடைவேளையில் யோசித்துவிட்டு, 1918 அகமதாபாத்தைச் சொன்னேன். அங்கேயும் நூல், அங்கேயும் வேலைநிறுத்தம். பிளேக் காலத்தில் கொடுத்துவந்த போனஸை மில் முதலாளிகள் நிறுத்தியதில் தொடங்கிய தகராறு. தொழிலாளர்கள் பக்கம் காந்தி. முதலாளிகள் பக்கம் முக்கியமானவர் அம்பாலால் சாராபாய், காந்திக்கு வேண்டியவர். அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா தொழிலாளர்கள் பக்கம். 35 சதவீத உயர்வு கிடைக்காமல் வேலைக்குத் திரும்புவதில்லை என்று சபர்மதிக் கரையில் மரத்தடியில் தினமும் உறுதிமொழி.

இரண்டு வாரம் தாண்டியதும் வீட்டில் அரிசி பருப்பு தீர்ந்துபோயிற்று. கூட்டம் குறைந்தது. அப்போது தொழிலாளர் குடியிருப்பிலிருந்து ஒரு பேச்சு காந்தியின் காதுக்கு வருகிறது. காந்திக்கும் அனசூயாவுக்கும் என்ன, காரில் வருகிறார்கள், காரில் போகிறார்கள், நல்லாச் சாப்பிடுகிறார்கள், சாகிறது நாங்கள்தானே என்று. வெங்கடத்தின் கதைக்கு இது நேர் தலைகீழ். அங்கே தலைவனுக்கு உள்ளே ஒரு சொந்தக் காரியம் இருந்து, அதை மறைத்தான். இங்கே தலைவருக்கு இழக்க எதுவுமே இல்லையே என்று ஆட்கள் சந்தேகப்படுகிறார்கள்.

காந்தி மறுத்து அறிக்கை விடவில்லை. மார்ச் 15-ம் தேதி சாப்பாட்டை நிறுத்தினார். தீர்வு வரும்வரை உண்ணாவிரதம். மூன்றே நாளில் சமரசம். முதல் நாள் கூலி 35 சதவீத உயர்வோடு, இரண்டாம் நாள் 20, மூன்றாம் நாளிலிருந்து இருபத்தேழரை, பிறகு நடுவர் சொல்கிறபடி. நடுவர் கடைசியில் 35-ஐயே கொடுத்தார்.

நான் மாணவர்களிடம் அழுத்திச் சொன்னது அதற்கப்புறம் நடந்ததை. அந்த உண்ணாவிரதத்தில் ஒரு குற்றம் இருந்தது என்று காந்தியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். முதலாளிகள் தன் மேல் பிரியம் உள்ளவர்கள், தன் பட்டினி அவர்களை நெருக்கியது, அது நியாயமில்லை என்று. வெற்றி பெற்ற போராட்டம். யாரும் கேட்காத குற்றம். அதைத் தானே எடுத்து வெளியே வைக்கிறார். தலைவராக ‘வளர்வது’ என்று தலைப்பில் போட்டிருந்தார்களே, எனக்குத் தெரிந்து அது இந்த இடத்தில்தான் நடக்கிறது. ஸ்லைடில் இதற்கு அம்புக்குறி போட முடியாது.

ஆக, பெண்ணே, ஆசை இருக்கலாம். வெங்கடம் அந்தக் கூட்டத்தில் எழுந்து, ‘என் பொண்ணுக்குக் கல்யாணம், எனக்கு வேலை வேணும், நான் இதிலேர்ந்து விலகிக்கறேன், நீங்க தொடருங்க’ என்று சொல்லியிருந்தால்? நாலு பேர் திட்டியிருப்பார்கள். தலைமை போயிருக்கும். ஆனால் வேலைநிறுத்தம் தொடர்ந்திருக்கலாம். அவன் பதவியையும் புடவையையும் ஒரே சமயத்தில் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தான்.

*

படத்தின் மேல் எனக்கு ஒரு பெரிய குறையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வெங்கடம் பிடிபட்டதும் பிரியதர்ஷன் மற்ற நெசவாளர்களைக் கைவிட்டுவிடுகிறார். கேமரா முழுக்க அவன் வீட்டுக்குள் போய்விடுகிறது. மகள் கிணற்றில் விழுவது, படுக்கையாவது, ஜெயிலிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் வருவது, கடைசியில் அவன் அவளுக்குச் செய்வது, பாதிப் புடவை தலைக்கு எட்டினால் காலுக்கு எட்டாமல் போவது. கலங்காமல் பார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிமேல் அடியாக விழும்போது அது விதியின் கதையாகிவிடுகிறது. விதி என்று ஆனதும் அவன் செய்த தேர்வு சின்னதாகிவிடுகிறது.

எனக்கு வேண்டியிருந்த காட்சி வேறு. வெங்கடத்தை இழுத்துப் போன மறுநாள் காலை. தலைவன் திருடன் என்று தெரிந்த பிறகு அந்தக் கூட்டம் எப்படி விடிந்தது? யார் முதலில் பேசினார்கள்? முதலாளி என்ன சொல்லிச் சிரித்தார்? இனி எவன் சொன்னாலும் நம்பாத அந்த ஆட்களை மறுபடி ஒரு சங்கமாகக் கூட்டியது யார், எத்தனை வருஷம் பிடித்தது? ஏனென்றால் நிஜக் காஞ்சிபுரத்தில் அது நடந்தது. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் என்று பெயர் வைத்த பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. நீங்கள் காந்தி ரோட்டில் படியேறிப் புடவை எடுக்கிற சொசைட்டிகள்தான். அவற்றைக் கட்டியவர்களைப் பற்றி நமக்கு ஒரு படம் இல்லை. விழுந்த தலைவனைப் பற்றி எடுக்க வசதியாக இருக்கிறது, அவன் விழுந்த பிறகு மிச்சத்தைப் பொறுக்கிச் சேர்த்தவர்கள் அழுவதற்கு இடம் கொடுப்பதில்லையோ என்னவோ.

சாயங்காலம் கிளம்பும்போது அந்தக் கடைசி பெஞ்ச் பையன் கார் வரை வந்தான். படத்தை பென் டிரைவில் காப்பி பண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அப்பாவுக்குக் காட்டணுமாம். அப்பா பக்கத்துத் தெருவில் பத்துத் தறிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கூலி விஷயமாகப் பேசிக்கொண்டிருக்கிறாராம். முதலாளி தரப்பு, அப்பாவுக்கு மட்டும் தனியாக அட்வான்ஸ் தருவதாகச் சொல்லியிருக்கிறதாம்.

“அப்பா வாங்கிட்டாரா?”

“தெரியல சார். கேக்கல.”

“படத்தை முழுசாப் பார்ப்பாரா? கடைசி ரொம்பக் கஷ்டமா இருக்குமே.”

“கடைசி வேணாம் சார்” என்றான். “அந்த மீட்டிங் சீன் வரைக்கும் போட்டுட்டு, கரன்ட் போயிடுச்சுன்னு நிறுத்திடுவேன்.”